தடையும் விடையும்: மதுரை வட்டாரத்தில் ஐரோப்பியத் தத்துவம் கற்பிக்கப்பட்ட வழிகள்

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் தத்துவத்தின் போக்கை மாற்றியவர்களில் பலர் வகுப்பறை ஆசிரியர்கள் அல்லர். தெகார்த் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தவில்லை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 1673-இல் விடுத்த அழைப்பை ஸ்பினோசா ஏற்க மறுத்தார். லைப்னிஸ் அரசவைப் பணியிலேயே காலம் கழித்தார். ஹ்யூம் விரும்பிய எடின்பரோப் பேராசிரியர் பதவி 1745-இல் வேறொருவருக்குப் போனது. இவர்களுடைய சிந்தனை பெரும்பாலும் கடிதங்களில்தான் முதிர்ந்தது. தெகார்த் தம் 'தியானங்கள்' நூலின் கையெழுத்துப் படியை அச்சுக்கு முன்பே அறிஞர்களிடம் சுற்றுக்கு விட்டார். ஹாப்ஸ், அர்னோ, கசெந்தி முதலியோர் எழுப்பிய ஆறு தொகுதித் தடைகளும் அவர் தந்த விடைகளும் 1641-இல் நூலோடு சேர்ந்தே வெளிவந்தன. மறுஆண்டுப் பதிப்பில் ஏழாவது தொகுதியும் இடம்பெற்றது. ஆகவே அந்தத் தத்துவம் பிறப்பிலேயே ஒரு தொலைநிலைக் கல்வி. எழுதியவரும் வாசித்தவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். ஆனால் கேள்வி போன வழியில் பதிலும் வந்தது. மதுரையின் பழங்காநத்தத்தில் உட்கார்ந்து பதிவு விரிவுரை கேட்கும் ஒரு மாணவர் தெகார்த்தையோ ஹ்யூமையோ கற்க முடியுமா என்ற கேள்வியை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். ஆசிரியர் எதிரில் இல்லாதது பெரிய குறையன்று, மாணவர் எழுப்பும் தடைக்கு விடை திரும்பி வரும் வழி அடைபட்டதே குறை என்பது இக்கட்டுரையின் வாதம். மதுரை வட்டாரத்தின் நானூறு ஆண்டு அனுபவம் அதற்குச் சான்று தருகிறது.

ஐரோப்பியத் தத்துவம் மதுரைக்கு வந்தது ஒலிப்பதிவிலோ பாடநூலிலோ அன்று, நேருக்கு நேர் நடந்த வாதத்தில். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, ரோமில் அரிஸ்டாட்டில் மரபில் பயின்றவர். அதே சபை பிரான்சின் லா ஃப்ளேஷ் நகரில் நடத்திய கல்லூரியில் ஏறத்தாழ அதே காலத்தில்தான் சிறுவன் தெகார்த் படித்துக்கொண்டிருந்தார். சபை 1599-இல் வகுத்த கல்விமுறையே இருவருக்கும் பொது. தெகார்த் அந்தக் கல்வியை உதறி எழுந்தார். நோபிலி அதைத் தமிழிலும் வடமொழியிலும் வாதிட்டுப் பார்த்தார். ஆன்மாவைப் பற்றி அவர் எழுதிய 'ஆத்தும நிர்ணயம்' மறுபிறவிக் கொள்கையை மறுக்கும் நூல். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை நன்கு அறிந்தவரால்தான் அப்படி எழுத முடியும். மதுரையில் பல ஆசிரியர்களிடம் பாடம் கேட்ட மாணவர் கூட்டத்தைப் பற்றியும் அவருடைய கடிதங்கள் பேசுகின்றன. அவருக்கு முன்பே இங்கே வாதம் செய்யப் பழகிய ஒரு நிலம் இருந்தது. சமயக்கணக்கரின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் மணிமேகலை, ஊர் ஊராகச் சென்று வாதிடும் நீலகேசி, பிறர் மதத்தை முழுதாக எடுத்துவைத்து மறுக்கும் சிவஞான சித்தியாரின் பரபக்கம் எல்லாம் இந்தப் பழக்கத்தின் எழுத்து வடிவங்களே. கான்ட்டின் முதல் விமரிசன நூல் வெளியான 1781-இல் சிவஞான முனிவர் உயிரோடிருந்தார். அவருடைய மாபாடியமும் தடை எழுப்பி விடை கூறியே நடக்கிறது. இருவருக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. ஆனால் தடை விடை முறை தமிழ் மாணவருக்கு அயலானது என்று எவரும் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஒற்றுமை போதும்.

கல்லூரிக் காலம் வந்தபோது இந்த முறை மெலிந்தது. பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் சாலையில் தெற்கே போனால் வரும் பசுமலையில்தான் 1881-இல் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது. பிறகு அது நகருக்குள் இடம்பெயர்ந்தது. அக்காலச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் மன இயலும் ஒழுக்க இயலும் ஒரு பிரிவாக இருந்தன. ஐரோப்பியத் தத்துவம் அந்த வாயில் வழியாக ஆங்கிலத்தில் மாகாணக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. நல்ல ஆசிரியர்கள் இருந்த இடத்தில் அது உயிரோடு இருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஏ. ஜி. ஹாக்கிடம் பயின்ற ராதாகிருஷ்ணன், வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி 1908-இல் ஆய்வேடு எழுதியது ஒரு மாணவர் தந்த விடை என்றே கொள்ளத்தக்கது. ஆனால் அது பொது நிலை அன்று. தேர்வை மையமாகக் கொண்ட கல்வியில் ஆசிரியர் குறிப்புச் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்ள, அதையே தேர்வில் திருப்பி எழுதுவதே வழக்கமாயிற்று. பதிவு விரிவுரையைக் குறை சொல்பவர்கள் பலரும் மனத்தில் வைத்து ஏங்கும் வகுப்பறை உண்மையில் இதுதான். பழைய வகுப்பறையின் மீது இல்லாத பெருமையை ஏற்றி அதோடு பதிவை ஒப்பிடுவது நியாயமாகாது.

பதிவு விரிவுரைக்கு மெய்யான மூதாதை அஞ்சல்வழிக் கல்வி. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அதைத் தொடங்கியது. 1966-இல் நிறுவப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தமிழகத்திலேயே முதன்முதலாக அதை மேற்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் இயேசு சபையினர் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தொடங்கினர். தத்துவத்துக்குத் தனித் துறை வைத்திருக்கும் கல்லூரி அது. நோபிலி தொடங்கிய மதுரை மறைப்பணியின் நீட்சி என்றும் அதைச் சொல்லலாம். உட்கார்ந்து படிக்கும் வழியும் தபாலில் படிக்கும் வழியும் ஒரே சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திறந்தன. அஞ்சல்வழிக் கல்வியை இழிவாகப் பேசுவது நம்மிடம் பழகிப்போன ஒன்று. அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அந்த இழிவு பொருந்தாது. அச்சிட்ட பாடம் வீட்டுக்கு வரும். மாணவர் பயிற்சி விடைகளை எழுதி அனுப்புவார். அவை திருத்தப்பட்டுத் திரும்பும். விடுமுறை நாள்களில் நேர்முக வகுப்பு நடக்கும். கூலி வேலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்க்கொண்டே படித்தவர்களுக்கு, எழுதியதைத் திருத்தும் ஒரு கையும் நேரில் கேட்கச் சில நாள்களும் திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. நடைமுறையில் சேர்க்கை பெருகப் பெருகத் திருத்தும் வேலை தளர்ந்தது, நேர்முக வகுப்பு பெயரளவுக்குச் சுருங்கியது என்பது உண்மை. ஆனால் தளர்ந்தது திட்டத்தின் எந்தப் பகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். பாடம் போய்ச் சேர்வதில் குறை வரவில்லை. விடை திரும்பி வருவதில்தான் வந்தது.

அடுத்து வந்த தொலைக்காட்சி அந்தப் பகுதியை முற்றாகவே கைவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொது அறிவை வளப்படுத்தும் நோக்கில் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கல்விப் பல்லூடக ஆராய்ச்சி மையம் இந்த வரிசையில் வந்த நிறுவனம். படப்பிடிப்புத் தளமும் படத்தொகுப்பு வசதியும் நாகமலை அடிவாரம் வரை வந்துவிட்டன என்பது சிறிய சாதனை அன்று. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுதி அனுப்ப எதுவும் இல்லை.

ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டெல் என்ற இணைய விரிவுரைத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு நிலைமை அளவில் மாறியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஸ்ரீகுமார் நெல்லிக்காப்பிள்ளி மேலைத் தத்துவம் குறித்து நடத்திய விரிவுரை வரிசை, கிரேக்கரிலிருந்து தொடங்கி தெகார்த், ஸ்பினோசா, லைப்னிஸ், லாக், பெர்க்லி, ஹ்யூம், கான்ட் என்று நிதானமாக நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் மில்லிகன் 2009-இல் முதலாண்டு மாணவர்களுக்கு நடத்திய பொதுத் தத்துவ விரிவுரைகளும் இணையத்தில் இலவசம். தத்துவத்துறை இல்லாத ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்கும் பெண், இரவு வீட்டு வேலை முடிந்தபின் இவற்றைக் கேட்கலாம். புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்கலாம். எந்த வகுப்பறையும் இந்த வசதியைத் தந்ததில்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டின் விரிவுரை அங்கே பாதிக் கல்விதான். வாரந்தோறும் கட்டுரை எழுதி ஆசிரியர் முன் வாசித்து, அவர் மறுப்பதற்குப் பதில் சொல்வது மறுபாதி. பதிவாகிக் கடல் கடந்து வந்தது முதல் பாதி மட்டுமே. பி.பி.சி.க்காக 1987-இல் பிரையன் மகீ நடத்திய 'மாபெரும் தத்துவவாதிகள்' வரிசை இதை உணர்ந்து வேறு வடிவம் எடுத்தது. தெகார்த்துக்கு பெர்னார்ட் வில்லியம்ஸ், ஹ்யூமுக்கு ஜான் பாஸ்மோர் என்று ஒவ்வோர் அறிஞரையும் அழைத்து, பார்வையாளருக்கு எழக்கூடிய ஐயத்தைத் தாமே கேட்டார் மகீ. பதிவுக்குள்ளேயே தடை இருக்கிறது. என் கணிப்பில் பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவத்துக்குத் தனியுரையைவிட இவ்வடிவமே பொருத்தம். ஆனாலும் பார்வையாளரின் சொந்த ஐயத்துக்கு அது ஈடாகாது.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, நூலும் பதில் சொல்லாதே, தனியே நூலை வாசித்துத் தேர்ந்தவர்கள் இல்லையா என்பது. உண்டு. ஆனால் தெகார்த்தின் நூல் பிறருடைய மறுப்புகளைத் தன்னுள் கொண்டது. அர்னோ எங்கே கேள்வி கேட்கிறார் என்று பார்த்த வாசகர் தாமும் கேட்கப் பழகுகிறார். உடலற்ற ஆன்மா உடலை எப்படி அசைக்கும் என்று இளவரசி எலிசபெத் 1643-இல் தொடுத்த கேள்வியை விரிவுரை பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் தகவலாகச் சொல்லிக் கடக்கிறது. கடிதங்களில் அதுவோ விடாப்பிடியாகத் தொடர்ந்து, தெகார்த்தைத் திணறவும் வைக்கிறது. இரண்டாவது மறுப்பு, இணையப் பாடங்களில் கலந்துரையாடல் தளமும் பயிற்சிகளும் உண்டே என்பது. உண்டு, ஆனால் மதிப்பெண் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத்தான். பல்லாயிரம் பேரின் விடைகளைக் கணினி திருத்த வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அந்த வகைக் கேள்வி, ஹ்யூம் காரணகாரியத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதைச் சோதிக்கும். ஹ்யூமோடு ஒத்துப்போகாத மாணவரின் காரணத்தைச் சோதிக்காது. மூன்றாவது, பழங்காநத்தத்து மாணவருக்கு ஐரோப்பியத் தத்துவம் எதற்கு என்பது. நோபிலி மதுரையில் வாதிட்ட நாளிலிருந்தே அது இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பகுதி. நாம் அன்றாடம் பேசும் உரிமை, சான்று, இயற்கை விதி போன்ற கருத்துகளின் இன்றைய வடிவத்துக்கு அந்த இரு நூற்றாண்டுகளும் பெரும் பங்களித்தன. இதற்கு மேல் நியாயம் தேட வேண்டியதில்லை.

உண்மையான இடையூறு மொழிதான். கேட்பது ஆங்கிலத்தில் இருக்கலாம். எதிர்த்துக் கேட்க வேண்டியது சிந்திக்கும் மொழியில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் தமிழில் கற்பிக்கப்பட்டுள்ளது. தமிழகத்திலும் தமிழ்வழிக் கல்லூரிக் கல்வி 1960-இல் தொடங்கியபின் அரசே கல்லூரிப் பாடநூல்களைத் தமிழில் வெளியிட்டது. ராகுல சாங்கிருத்யாயனின் ஐரோப்பியத் தத்துவ நூலைத் தமிழில் வாசித்து வளர்ந்தவர்கள் அரசியல் மேடைகளிலும் தொழிற்சங்கங்களிலும் இருந்தார்கள். ஆகவே முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்னொரு சான்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடமான தத்துவத்தில் தெகார்த் முதல் கான்ட் வரை முழுதாக உண்டு. அதைத் தமிழில் எழுதலாம். இத்தேர்வுக்குப் படிப்பவர்கள் பதிவு விரிவுரைகளைப் பெரிதும் நம்புகிறார்கள். கேட்டதோடு நிற்காமல் விடை எழுதி, நண்பரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்கிறார்கள். தேர்வின் குறுகிய நோக்கத்துக்குள்தான் என்றாலும், அஞ்சல்வழிக் கல்வி இழந்த பாதியை அவர்கள் தாமாகவே மீட்டுக்கொண்டார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு, ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் வழியே ஒரு பருவப் பாடங்களில் 20 விழுக்காடு வரை மாணவர் பெறலாம் என்று 2016-இல் வகுத்த விதியை 2021-இல் 40 விழுக்காடாக உயர்த்தியது. இதன் விளைவு இரண்டு திசைகளில் போகலாம். பதிவு விரிவுரை மாணவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், தெகார்த்தின் வாழ்க்கைக் குறிப்பையும் ஐயவாதத்தின் படிகளையும் ஆசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகையில் திரும்ப எழுத வேண்டியதில்லை. மீளும் நேரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பக்கம் தமிழில் தடை எழுதலாம். உடன் படிப்பவர் ஒருவர் அதற்கு விடை எழுதலாம். ஆசிரியர் இரண்டையும் திருத்தி மதிப்பெண் தரலாம். கருமாத்தூர் போன்ற இடத்தில் தத்துவத்துறையும் நூலகமும் ஏற்கெனவே இருப்பதால் இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம். அதே விதியைக் காட்டி, விரிவுரைதான் இணையத்தில் கிடைக்கிறதே என்று காலியாகும் ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமலும் விடலாம். அப்படி விட்டால் மாணவர் எழுதும் தடையை வாசிக்க அங்கே ஆள் இருக்கமாட்டார். பாடத்திட்டக் குழுவும் கல்லூரி நிர்வாகமும் இந்த இரண்டில் எதைத் தேர்கின்றன என்பது வகுப்பு நேரங்களை அட்டவணையில் அவை எப்படி ஒதுக்குகின்றன என்பதிலேயே தெரிந்துவிடும்.