பட்டறையில் ஓராண்டு

இலக்கியம் பேசும் இடத்தில் மின்மாற்றிக்கும் ரிலேவுக்கும் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பட்டத்துக்கும் பணிக்கும் நடுவே ஒரு மின்பொறியாளர் கழிக்கும் ஓராண்டைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். பொறியியல் வரலாற்று நூல்கள் அணைகளைப் பற்றியும் கண்டுபிடிப்புகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்த ஓராண்டை ஒரு வரியில் தாண்டிச் செல்கின்றன. யார் பொறியாளர் ஆகலாம், யார் ஆகக்கூடாது என்பது பலமுறை முடிவானதோ அந்த ஒரு வரிக்குள்தான்.

மின்சாரம் கல்லூரிப் பாடமானது மிக அண்மையில். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் மின்பொறியியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி 1882இல் உருவாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியல் துறைக்குள் ஒரு மின்பொறியியல் பாடத்திட்டம் தொடங்கிற்று. அதற்கு முன் தந்தி நிலையங்களிலும் கருவி செய்யும் பட்டறைகளிலும் கைப்பழக்கமாகக் கற்றவர்களே மின்சார நிபுணர்கள். எடிசனே தந்தி ஊழியராக இருந்தவர்தாம். கல்லூரிகள் பட்டதாரிகளை அனுப்பத் தொடங்கியதும் தொழிற்சாலைகளுக்கு ஒரு புதிய சங்கடம் நேர்ந்தது. வந்தவர்கள் சமன்பாடுகளை அறிந்தவர்கள். ஓடுகின்ற எந்திரத்தின் அருகே நின்றறியாதவர்கள்.

இதற்கு நிறுவனங்களே வழி கண்டன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் புதிய பட்டதாரிகளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். விற்பனைக்குப் போகுமுன் ஒவ்வொரு மோட்டாரும் ஜெனரேட்டரும் சோதிக்கப்படும் இடம் அது. 'டெஸ்ட்' என்றே அந்தப் பயிற்சிக்குப் பெயர். பாடமும் நடந்தது, கம்பெனியின் வேலையும் நடந்தது. இங்கிலாந்தில் கதை சற்று வேறு. மான்செஸ்டருக்கு அருகே டிராஃபோர்டு பார்க்கில் பிரிட்டிஷ் வெஸ்டிங்ஹவுஸ் பெரியதொரு தொழிற்சாலையை எழுப்பியபோது, இளம் ஆங்கிலப் பொறியாளர்கள் சிலரை முன்கூட்டியே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிப் பயிற்றுவித்தது. பிற்காலத்தில் அவர்களைப் 'புனித நாற்பதின்மர்' என்று கேலியும் மரியாதையும் கலந்து அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் ஃபிளெமிங், பின்னர் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் என்று பெயர் மாறிய அதே தொழிற்சாலையில் பட்டதாரிகளுக்கான பயிற்சி முறையை வளர்த்தெடுத்தார்.

அங்கே முதல் உலகப் போருக்குப் பின் பழகுநராகச் சேர்ந்த ஓர் இளைஞரின் பெயர் ஜான் காக்ராஃப்ட். அணுக்கருவைச் செயற்கையாகப் பிளந்தமைக்காக 1951இல் நோபல் பரிசு பெற்றவர். கேம்பிரிட்ஜில் அவரும் வால்ட்டனும் அமைத்த கருவிக்கு உயர் மின்னழுத்தமும் நல்ல வெற்றிடமும் தேவைப்பட்டன. வெற்றிடப் பம்புகள் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸிலிருந்தே கிடைத்தன. பட்டறையில் பழகிய நட்பு இயற்பியலுக்கும் உதவிற்று என்று சொல்வது மிகையாகாது.

அப்படி என்னதான் பட்டறை கற்றுத் தருகிறது? ஒன்றே ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறோம். உயர் அழுத்த மின்கம்பியில் பல நூறு ஆம்பியர் ஓடுகிறது. அதை நேரடியாக அளக்க இயலாது. ஆகவே சி.டி. என்று துறையினர் சுருக்கிச் சொல்லும் மின்னோட்ட மின்மாற்றியை வரிசையில் இணைத்து, அதன் இரண்டாம் சுற்றிலிருந்து ஐந்து ஆம்பியரோ ஒரு ஆம்பியரோ எடுத்து அளவுமானிக்கும் ரிலேவுக்கும் தருகிறார்கள். இதுவரை பாடநூல். இப்போது அந்த அளவுமானி பழுதாகிவிட்டது, கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் பழகிய எவருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டால் மின்சாரம் நின்றுவிடும், பயமில்லை என்றே தோன்றும். சி.டி.யில் அது தலைகீழ். முதல் சுற்றில் ஓட்டம் இருக்கும்போது இரண்டாம் சுற்றைத் திறந்தால், எதிர்த்து நிற்க ஓட்டமில்லாத நிலையில் முதல் சுற்றின் ஓட்டம் முழுவதும் உள்ளகத்தைக் காந்தமாக்கவே செலவாகும். திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். ஆளையும் கொல்லும், கருவியையும் எரிக்கும். முதலில் முனைகளைக் குறுக்கே இணைத்துவிட்டு, பிறகுதான் அளவுமானியைத் தொட வேண்டும்.

பாடநூலிலும் இந்த எச்சரிக்கை உண்டு. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். ஆனால் ஸ்க்ரூடிரைவரோடு நீளும் கை தானாகவே நின்றுவிடுகிறதே, அந்தத் தயக்கத்தைத் தேர்வு தருவதில்லை. மூத்த ஃபோர்மேன் ஒருவர் பின்னால் நின்று அதட்டிய அதட்டல்தான் தருகிறது. பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு என்று பலரும் வற்புறுத்தியது வெறும் சம்பிரதாயம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வளவு இன்றியமையாத ஓராண்டு என்றால், அதன் கதவைச் சாத்திவிட்டால் போதும், பட்டம் வெறுங் காகிதமாகிவிடும். சாத்தவும் செய்தார்கள். 1904 முதல் இந்திய அரசாங்கம் தொழில்நுட்பம் பயில மாணவர்களை உதவித்தொகை தந்து பிரிட்டனுக்கு அனுப்பிற்று. கல்லூரிகள் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. தொழிற்சாலைகள் பல சேர்க்க மறுத்தன. நாளைக்குப் போட்டியாளராகப் போகிறவனுக்கு நாமே ஏன் தொழில் இரகசியத்தைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலாளிகளுக்கு. 1921-22இல் இந்திய மாணவர்களின் நிலையை ஆராய்ந்த லிட்டன் குழுவின் முன்னும் இந்த மனக்குறை வைக்கப்பட்டது.

பெண்களுக்கோ கதவு இருப்பதாகவே காட்டவில்லை. எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண் எடித் கிளார்க், ஆண்டு 1919. ஜெனரல் எலெக்ட்ரிக் அவருக்குத் தந்தது பொறியாளர் வேலை அன்று. கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வையிடும் வேலை. நீண்ட மின்தொடர்களின் கணக்குகளைச் சட்டென்று தீர்க்கும் வரைபடக் கருவி ஒன்றை அந்த நாற்காலியில் இருந்துகொண்டே வகுத்தார். 1921இல் மனம் வெறுத்துத் துருக்கிக்கு ஆசிரியராகப் போனார். மறு ஆண்டு திரும்பி வந்தபோதுதான் அதே நிறுவனம் அவரைப் பொறியாளர் என்று ஏற்றது.

இந்தப் பின்னணியில்தான் நம் சென்னைக்கு வருகிறோம். அ. லலிதா 1919 ஆகஸ்டு 27இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் திருமணம். 1937இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கைக்குழந்தைக்கு நான்கு மாதம். அந்நாளைய கைம்பெண் வாழ்க்கை என்னவென்று இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. லலிதா இராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார். மருத்துவம் அன்று பெண்களுக்குத் திறந்திருந்த துறை. நள்ளிரவில் குழந்தையை விட்டு ஓட நேருமே என்று அதை வேண்டாம் என்றார்.

தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாத்தமிடமும் பேசி இசைவு பெற்றார். நூற்றுக்கணக்கான ஆண்களின் நடுவே ஒரே பெண்ணாகச் சில காலம் படித்த லலிதாவுக்குத் துணையாக அடுத்த ஆண்டு கட்டடப் பொறியியலில் பி. கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பால் ஆங்கிலச் சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. (சான்றிதழ் தமிழில் இருந்திருந்தால் 'அவர்' என்ற ஒரு சொல்லே போதுமாயிருந்திருக்கும் என்பது எங்கள் சின்ன அற்பப் பெருமை.)

அந்தத் திருத்தப்பட்ட சான்றிதழைப் பற்றி எழுதுகிறவர்கள், அதே காலத்தில் நடந்த மற்றொன்றை அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். படிப்பை நிறைவு செய்ய லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு தொழில் பழகினார் என்பதே அது. எங்களுக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கல்லூரியில் தந்தை இருந்தார், முதல்வர் இருந்தார். ஜமால்பூர் பீகாரில் கங்கைக்குத் தெற்கே, மொழி தெரியாத ஊர். 1862இல் கிழக்கிந்திய ரயில்வே தொடங்கிய பட்டறை. வார்ப்படச் சாலையும் கொல்லுலையும் கொதிகலன் கூடமுமாக நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் இடம். 1899இல் 'லேடி கர்சன்' என்ற எஞ்சினை அங்கேயே கட்டினார்கள். ரயில்வே அதிகாரிகளாக வரப்போகும் பழகுநர்களுக்கு 1927 முதல் தனிப் பயிற்சியும் அங்கே நடந்தது. பெயர்களில் மட்டும் அங்கே ஒரு சீமாட்டி இருந்தார். அந்தப் பட்டறைக்குள்தான், உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், குழந்தையைப் பெற்ற ஒரு சென்னைக் கைம்பெண் போனார். கல்லூரிச் சேர்க்கை ஓர் இசைவுக் கடிதத்தில் முடிந்த காரியம். பட்டறையில் அன்றாடம் காலையில் போய் நிற்க வேண்டும்.

1943இல் படிப்பு முடிந்தது. சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. பிறகு சில மாதங்கள் தந்தையின் ஆய்வுகளுக்குத் துணை. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸில் சேர்ந்தார். மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் 1928இல் கலந்துபோனது இந்த நிறுவனக் குழுமத்தில்தான். காக்ராஃப்ட் பழகுநராக இருந்த டிராஃபோர்டு பார்க்கின் கிளை வழி ஒன்று இப்படிக் கல்கத்தாவில் வந்து லலிதாவைத் தொடுகிறது. அங்கே மின்தொடர்களையும் துணைமின் நிலைய அமைப்புகளையும் பாதுகாப்புக் கருவிகளையும் வடிவமைத்தார். நாம் மேலே சொன்ன சி.டி.யும் ரிலேயும் இந்தப் பாதுகாப்புக் கருவிகளின் உயிர்நாடி. அவர் பங்கேற்ற பணிகளில் மிகப் பெரியது பக்ரா நங்கல். 226 மீட்டர் உயர அணையை நினைக்கும்போது நேருவின் பெயர் நினைவுக்கு வருகிறது. அங்கிருந்து புறப்படும் மின்தொடர்களில் கோளாறு நேர்ந்தால் கண்ணிமைக்கும் பொழுதில் துண்டித்துக் காக்கும் ஏற்பாட்டை வரைபலகையில் வரைந்தவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. இலண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953இல் அவரை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

சுதந்திர இந்தியா இந்த ஓராண்டைச் சட்டமாக்கியது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. வகைத் தொழில்களுக்கானது, 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளும் பட்டயக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள். உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றது. சென்னை, பம்பாய், கல்கத்தா, கான்பூர் என நான்கு இடங்களில் பயிற்சி வாரியங்கள் இதைக் கவனித்தன. நல்ல சட்டந்தான். ஆயினும் பழகுநரைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தாமல் கோப்புகளைப் பிரதி எடுக்க அமர்த்தினால், ஓராண்டு முடிவில் அவர் கையில் சான்றிதழ் இருக்கும், கையில் பழக்கம் இராது. அப்படி ஓராண்டைக் கழித்த நண்பர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. எங்கே என்று கேட்காதீர்கள்.

லலிதாவிடம் திரும்புவோம். 1964 ஜூனில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் சர்வதேச மாநாடு நியூயார்க்கில் கூடிற்று. இந்தியாவில் அதற்கான கிளை அமைப்பு ஏதும் அப்போது இல்லை. ஆகவே லலிதா எவரின் பிரதிநிதியாகவும் இல்லாமல் தனியொருவராகப் போய்வந்தார். 1977இல் பணி ஓய்வு, 1979 அக்டோபரில் மரணம். இடையில் 1967இல் இரண்டாம் மாநாடு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்தபோது, அவருடைய முயற்சியால் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஐந்து பேர்.