தேர்க் கொடி முதல் மோட்டார்ச் சைக்கிள் கொடி வரை

பாரதப் போர்க்களத்திலே தேர்கள் எழுப்பிய புழுதியில் வீரர் முகந் தெரியாது, கொடியே தெரியும். குரங்குக் கொடி கண்டால் அருச்சுனன் என்றும், பனைக் கொடி கண்டால் வீட்டுமர் என்றும், அரவக் கொடி கண்டால் துரியோதனன் என்றும் இரு திறத்தாரும் அறிந்தனர். எதிரியின் தேர்க் கொடியை அம்பெய்து அறுத்தல் அவனையே தாழ்த்துவதாக எண்ணப்பட்டது. ஓடும் ஊர்தியிற் கொடி கட்டும் வழக்கமும், அக்கொடியோடு ஒருவர் மானமும் சேர்ந்தே செல்லும் என்னும் நினைவும் அத்துணைப் பழமையானவை.

காலம் மாறியது. தேருக்குப் பதிலாக மோட்டார் வண்டி வந்தது. கொடியை அதில் எங்கே, எவ்வாறு நாட்டுவது என்பது புதிய வினாவாயிற்று. இவ்வினாவுக்கு எழுத்திலே விடை வகுத்தோருள் அமெரிக்கர் குறிப்பிடத்தக்கவர். 1923ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி வாஷிங்டன் நகரிலே பல சங்கங்களின் பிரதிநிதிகள் கூடித் தேசியக் கொடிக்குரிய விதிகளை ஆராய்ந்து வகுத்தனர். 1942இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை அத்தகைய விதிகளைச் சட்டத்திற் சேர்த்தது. காரிலே கொடிக்கம்பு வண்டியின் அடிச்சட்டத்தில் உறுதியாகப் பொருத்தப்படல் வேண்டும், அல்லது ரேடியேற்றர் மூடியில் இறுக்கப்படல் வேண்டும் என்பது அன்றைய விதி. வண்டியின் முன்மூடியிலோ பக்கங்களிலோ கொடியைப் போர்வைபோல விரித்தலாகாது என்றும் விதித்தனர்.

அக்காலக் கார்களில் ரேடியேற்றர் மூடி முன்புறத்தில் வெளியே நிமிர்ந்து நின்றது. பின்வந்த கார்களில் அது உள்ளே மறைந்துவிட்டது. ஆதலால் 1976இல் விதியைத் திருத்தி, வலப்பக்க மட்காட்டில் இறுக்குக என்றனர். இந்தியாவில் 2002இல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகளும், காரின் முன்மூடி நடுவிலோ முன்புற வலப்பக்கத்திலோ கம்பை உறுதியாக நாட்டும்படி கூறுகின்றன. இடம் மாறினும் ‘உறுதியாக’ என்னுஞ் சொல் மாறவில்லை என்பதை நோக்குக.

அமெரிக்க விதி மோட்டார்ச் சைக்கிளைப் பெயர் சொல்லிக் கூறவில்லை. ஆயினும், போரிற் சிறைப்பட்டோரையும் காணாமற் போனோரையும் நாடு மறவாதிருக்க வேண்டுமென்று 1988இல் மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் வாஷிங்டனிற் பேரணியாகத் திரண்டனர். 2005 முதல் வேறொரு குழுவினர், குடும்பத்தார் அழைத்தால், மாண்ட வீரரின் இறுதி ஊர்வலத்திலே கொடிகளுடன் துணை செல்கின்றனர். மகனை இழந்த தாயொருத்தி பார்த்து நிற்கையில் கொடி கழன்று தெருவில் வீழுமாயின், அது எத்துணைக் கொடுமை! காருக்குரிய விதியின் கருத்தைத் தம் சைக்கிளுக்கும் பொருத்திக்கொள்வது இவர்களுக்குக் கடமையாயிற்று.

அக்கருத்தை நாமும் அறிந்துகொள்ளலாம். கம்பின் அடியை இருக்கையின் பின்னுள்ள இரும்புச் சட்டத்தில் ஆணியும் சுரையுமிட்டு முறுக்க வேண்டும். கயிற்றை மாத்திரம் நம்பலாகாது. கொடி சில்லிலோ, சங்கிலியிலோ, சூடான புகைக்குழாயிலோ படாத உயரத்திற் பறக்க வேண்டும். ஓட்டுபவர் பார்வையையும் பின்விளக்கையும் அது மறைத்தலாகாது. இரு கொடிகளாயின் நாட்டுக் கொடி வலப்பக்கத்தில், மற்றதிலுந் தாழாமல் நிற்க வேண்டும். வேகக் காற்றிற் கொடியின் வெளியோரமே முதலிற் பிரியும். ஆகையால் இடையிடையே நிறுத்திப் பார்த்தல் நன்று. கிழிந்த கொடியைக் குப்பையில் எறியாது, மரியாதையுடன் எரித்தலே தக்கதென அமெரிக்க விதி கூறுகிறது.

நம் வீதிகளிலும் வாலிபர் கொடி கட்டி ஓடுவதைக் காண்கிறோம். கழன்று வீழ்ந்த கொடியின்மேற் பின்வந்த சில்லு ஏறியதையும் ஒருமுறை கண்டு மனம் நொந்தோம். ஓட்டியவர் அதனை அறியவேயில்லை. அவரிடம் பத்தி குறைவென்று நாம் கூறோம். குறைந்தது ஓர் ஆணியே. வாலிப அன்பர்காள், புறப்படுமுன் அதனை முறுக்கிப் பாருங்கள். பெரியோர்களே, கடிந்துகொள்ளுமுன் முறுக்கும் வகையைக் காட்டிக் கொடுங்கள்.