பாதவென்பும் பால் நிர்ணயமும்: கொக்குத்தொடுவாய்ப் புதைகுழியை முன்வைத்து

2023 யூன் 29ஆம் நாள், கொக்கிளாயை அடுத்துள்ள கொக்குத்தொடுவாயில், வீதியோரம் நீர்க்குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித என்புகளும் ஆடைகளும் வெளிப்பட்டன. ஆடைகள் விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளுக்குரியவை எனக் கருதப்பட்டது. நீதிமன்றக் கட்டளைப்படி, தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ, சட்ட வைத்திய அதிகாரி க. வாசுதேவ ஆகியோர் முன்னின்று நடத்திய அகழ்வு 2024 யூலையில் முடிவுற்றது. 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அவை 1994க்கும் 1996க்கும் இடையிற் புதைக்கப்பட்டவை என்பது சோமதேவவின் முடிபு.

இக்கால எல்லை ஊன்றி நோக்கற்பாலது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் 1984 டிசம்பரிலேயே வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னரே மீளக் குடியமர்ந்தனர். எனவே புதைத்ததைக் கண்டு சொல்லத்தக்க ஊரார் அன்று அங்கில்லை. என்புகளையே வினவவேண்டியுள்ளது.

வினாக்களுள் முதலாவது, இவர் ஆணா பெண்ணா என்பது. ஆடையை மட்டும் கொண்டு இதனைத் துணிதல் முறையன்று. இடுப்பென்பே தலையாய சான்று. ஆயின் அது மண்ணின் அழுத்தத்தால் எளிதிற் சிதைவது. குதிகால் என்பும், அதன்மேல் அமர்ந்து உடற்பாரத்தை ஏற்கும் கணுவென்பும் சிறியனவெனினும் இறுகிய கட்டுடையவை. பாதம் சப்பாத்தினுள் இருந்ததாயின் அதன் 26 என்புகளும் சிதறாது ஒருங்கே கிடைத்தலும் உண்டு.

இவ்விரண்டு என்புகளின் நீள அகலங்களை அளந்து பால் கணிக்கும் சூத்திரங்களை 1976இல் வெளியிட்டவர் அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீல். உடற்கூற்றியலாளர் டெரி திரட்டிய, பாலும் வயதும் பதிவான வன்கூட்டுத் தொகுதியே அவருக்கு ஆதாரம். நூற்றுக்கு 79 முதல் 89 வரை சரியாயின. சிறந்த பேறுதான், எனினும் இம்முறையொன்றையே 52 பேருக்கும் கையாண்டால் ஏறத்தாழ ஆறு முதல் பதினொருவர் வரை பால் மாறிப் பதிவாகக்கூடும் என்பதும் அதே கணக்கின் பொருளாகும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஆண் பாதம் பெரிது, பெண் பாதம் சிறிது என்பதே இம்முறையின் அடிப்படை. பெரிதுக்கும் சிறிதுக்கும் இடையே கோடு கிழிக்கும் இடமோ மக்களுக்கு மக்கள் வேறுபடும். இதனாலன்றோ 1997இல் இத்தாலியரும், 2003, 2004ஆம் ஆண்டுகளில் தென்னாபிரிக்கரும் தத்தம் மக்களின் குதிகால் என்பை அளந்து தமக்கெனச் சூத்திரம் வகுத்தனர்! பேருடல் கொண்டோரிடம் பெற்ற எல்லையைச் சிற்றுடலினர்மேல் இட்டால் ஆண்கள் பலர் பெண்களாக எண்ணப்படுவர். கொக்குத்தொடுவாயில் இப்பிழை தன்னை வெளிக்காட்டாது. ஆடை பெண் என்று ஊகிக்கவைக்க, அயற்சூத்திரமும் அவ்வாறே விடை தருமாயின், இரு சான்றுகள் ஒத்தன என்ற பொய்யுறுதி பிறக்கும். காணாமற் போனோர் பட்டியலிற் பெண்களின் பெயர்களோடு மட்டும் அவ்வென்பு ஒப்பிடப்படும். மகனைத் தேடும் தாயிடம் மரபணு மாதிரி கேட்கவும் ஒருவர் செல்லார்.

இலங்கை மருத்துவ பீடங்களின் வன்கூடுகளையும், மருத்துவமனைகளில் எடுக்கப்படும் கதிர்ப்படங்களையும் கொண்டு நம்மவர் பாதவென்பின் அளவுகளைத் திரட்டுதல் இயலாத காரியமன்று. அதுவரை பாதவென்பின் விடையைப் பதிவேட்டில் ‘ஐயம்’ என்ற குறிப்புடனேயே எழுதுதல் தகும்.