வினாகிரியும் நுணுக்குக்காட்டியும்: கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முற்கூட்டி அறிதலின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். நோய் எவ்வாறு கண்டறியப்பட்டது, கண்டறிந்த செய்தி நோயாளியிடம் எப்பொழுது சென்று சேர்ந்தது என்னும் வினாக்கள் அவர்தம் கவனத்தை அத்துணை ஈர்ப்பதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பொறுத்தவரை இவற்றுள் இரண்டாவது வினாவே முதன்மையானது என்பது எமது கருத்து. இந்நோய் திடீரெனத் தோன்றுவதன்று. கலங்களில் ஏற்படும் முன்மாற்றங்கள் புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். அம்மாற்றங்களைக் கண்டு அகற்றிவிடின் புற்று உண்டாவதையே தடுத்துவிடலாம். இத்தகைய நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவ்வாறிருந்தும் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 3,40,000இற்கும் அதிகமான பெண்கள் இந்நோயால் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தோர். அவகாசம் இருந்தும் உயிர் காக்கப்படாமைக்குக் காரணம் யாது?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இருவேறு வழிகள் தோன்றின. ஒன்று, உறுப்பை நேரே கண்ணால் நோக்குவது. மற்றையது, கலங்களைச் சுரண்டியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. முதல் வழியைத் தொடக்கியவர் ஜேர்மனிய மருத்துவரான ஹான்ஸ் ஹின்செல்மான். அவர் 1925இல் உருப்பெருக்கும் வில்லைகளையும் ஒளிவிளக்கையும் இணைத்துக் கருப்பைக் கழுத்தைப் பரிசோதிக்கும் கருவியொன்றை அமைத்தார். பின்னர் ஐதான அசற்றிக்கமிலத்தை, அதாவது ஏறக்குறைய நாம் சமையலிற் பயன்படுத்தும் வினாகிரியை, அவ்விடத்திற் பூசினால் மாற்றமடைந்த பகுதி வெண்ணிறமாகத் தோன்றும் என்பதையும் பயன்கொண்டார். இயல்பற்ற கலங்களிற் செறிந்துள்ள புரதம் அமிலத்தாற் தற்காலிகமாகத் திரள்வதே இவ்வெண்மைக்குக் காரணமாகும். ஏறத்தாழ அதே காலத்தில் வியன்னாவில் வால்ற்றர் ஷில்லர் அயடினைப் பயன்படுத்தினார். நற்கலங்கள் அயடினாற் கருங்கபில நிறம் பெறும். நோயுற்றவை நிறம் ஏற்கா. இவ்விரு சோதனைகளும் ஒருசில நிமிடங்களிலே விடை தருவன.

இவ்வழியின் தொடக்கத்திலே நீங்காத கறையொன்று படிந்துள்ளது. ஹின்செல்மானின் முறை அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் பத்தாம் இலக்கத் தொகுதியில் அடைக்கப்பட்டிருந்த யூதப் பெண்கள்மீது, அம்முகாமின் தலைமை மருத்துவர் எடுவார்ட் விர்ட்ஸின் மேற்பார்வையிற் பிரயோகிக்கப்பட்டது. வெட்டியெடுக்கப்பட்ட இழையங்கள் ஹம்பேர்க்குக்கு அனுப்பப்பட்டன. போரின் பின்னர், ரோமா இனப் பெண்களைக் கட்டாயமாகக் கருவளமறச் செய்தமையிற் பங்குகொண்டதற்காக ஹின்செல்மான் சிறைத்தண்டனை பெற்றார். மருத்துவ நூல்கள் பலவற்றில் அவரது பெயர் கருவியின் தந்தை என்ற புகழ்மொழியுடன் மட்டும் நின்றுவிடுவது வரலாற்று மாணவர்க்கு உவப்பானதன்று.

இரண்டாவது வழி கிறீஸில் பிறந்து நியூயோர்க்கிற் குடியேறிய ஜோர்ஜ் பப்பனிக்கொலோவின் பெயரோடு இணைந்தது. அவர் 1928இல் தமது கண்டுபிடிப்பை முதன்முதலாக எடுத்துரைத்தபோது எவரும் பெரிதாக மதித்தாரல்லர். ருமேனியரான ஒரெல் பாபெஷ் அதே காலப்பகுதியில் ஒத்த முறையொன்றை வெளியிட்டிருந்தமையும் நினைவிற் கொள்ளற்பாலது. 1943இல் பப்பனிக்கொலோவும் ஹேர்பேட் ட்ரோட்டும் இணைந்து வெளியிட்ட நூலே நிலைமையை மாற்றியது. கனடாவின் பிரித்தானிய கொலம்பிய மாகாணம் 1949இல் இச்சோதனையைப் பெருந்திட்டமாகத் தொடக்கியது. பின்னர் வட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், ஒழுங்காக அழைப்பு விடுத்துச் சோதிக்கும் முறை நிலைபெற்றதும் இந்நோயால் ஏற்படும் மரணங்கள் பெரிதும் வீழ்ச்சியுற்றன.

இவ்வெற்றிக்கு உரியது நுணுக்குக்காட்டி மட்டுமே என எண்ணுவது தவறாகும். கலங்களைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நிலைப்படுத்தல் வேண்டும். தகட்டைக் கொண்டுசெல்ல ஊர்தி வேண்டும். சாயமேற்ற ஆய்வுகூடம் வேண்டும். நாள்தோறும் தகடுகளைக் கண்வலிக்க நோக்குவதற்குப் பயிற்சி பெற்றோர் வேண்டும். முடிவை எழுதி அனுப்பத் தபாலும், பெயர்ப்பதிவேடும், திரும்பி வரும் பெண்ணுக்குச் சிகிச்சையளிக்க மருத்துவமனையும் வேண்டும். ஒற்றைச் சோதனையின் பின்னே ஒரு முழு அரசாங்கமே நிற்கிறது. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் சோதனை வீணாகும். நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணொருத்தி, தனக்கு நோவெதுவும் இல்லாதபோது, வாரங்கள் கழித்து முடிவு கேட்பதற்காக இன்னொரு நாட்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து மீண்டும் வருவாள் என எதிர்பார்ப்பது யாருடைய வாழ்வை அளவுகோலாகக் கொண்ட எதிர்பார்ப்பு என்பதைச் சிந்தித்தல் தகும்.

இவ்விடர்ப்பாடே கைவிடப்பட்டிருந்த முதல் வழிக்கு மீண்டும் உயிரளித்தது. 1982இல் இத்தாலிய மருத்துவர் இருவர், அமிலம் பூசியபின் உருப்பெருக்கியின்றி வெறுங்கண்ணால் நோக்குவதே பெரும்பாலும் போதுமானது என அறிவித்தனர். 1990களில் சிம்பாப்வேயில் தாதியரும் மருத்துவ மாதரும் இதனைச் செய்யவியலும் என்பது பெருந்தொகையான பெண்களிடையே நடந்த ஆய்வினாற் புலனாயிற்று. பஞ்சு, வினாகிரி, ஒளிவிளக்கு, ஒரு நிமிடக் காத்திருப்பு: சோதனை இவ்வளவே. விடை அங்கேயே கிடைத்தது.

ஆயினும் விடை கிடைப்பது வேறு, உயிர் பிழைப்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சோதித்த ஆய்வுகளுட் சிறப்பாக நோக்கற்பாலது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கியதாகும். லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் ஆர். சங்கரநாராயணனும் சகபாடிகளும் அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ ஐக்கிய சமுதாய நல நிலையத்துடன் இணைந்து இதனை நடத்தினர். 114 ஊராட்சிகள் சீட்டுப்போட்டது போன்று இரு சமபங்காகப் பிரிக்கப்பட்டன. ஒரு பங்கில் 30 முதல் 59 வயது வரையான 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். வெண்மை தோன்றியோருட் தகுதியானோருக்கு அவ்வருகையிலேயே உறைகுளிர்ச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊராட்சிகளிற் புற்றுநோய் தோன்றுதல் 25 வீதத்தாலும் அதனாலான மரணம் 35 வீதத்தாலும் குறைந்திருந்தன. பெரிய ஆய்வுகூடமின்றி, ஒரே வருகையில், கிராமத்துத் தாதியொருவரின் கண்ணையும் கையையும் கொண்டு மரணத்தைக் குறைக்கலாம் என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000இற்கு மேற்பட்ட பெண்களிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்வு வேறொரு செய்தியைச் சொல்லிற்று. அங்கே வினாகிரிச் சோதனையால் மரணம் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை. வைரசின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையே மரணத்தை ஏறக்குறைய அரைவாசியாக்கியது. கண்ணின் தீர்ப்பு ஆளுக்காள் வேறுபடுவது. திண்டுக்கல்லிலும் சோதிக்கப்பட்டோருட் பத்தில் ஒருவரிடம் வெண்மை காணப்பட்டது. அவர்களுட் பெரும்பாலாரிடம் கடுமையான மாற்றம் இருக்கவில்லை. ஆதலின் வினாகிரியைச் சர்வரோக நிவாரணியெனப் போற்றுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை.

இந்திய ஆய்வுகள்மீது எழுந்த இன்னொரு கண்டனம் இதைவிடக் கனமானது. ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட ஊர்களின் பெண்களுக்கு ஆய்வின் சார்பிற் சோதனை எதுவும் வழங்கப்படவில்லை. அப்பகுதிகளில் ஏற்கெனவே சோதனை வசதி இல்லாமையால் எதனையும் பறித்ததாகாது என ஆய்வாளர் வாதிட்டனர். பப்பனிக்கொலோ முறையின் பயன் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருக்க, வறுமையை அளவுகோலாக்கிச் சிலரைச் சோதியாது விடுவது முறையன்று என எதிர்த்தோர் கூறினர். எமக்கு எதிர்த்தோர் பக்கமே நியாயம் மிகுந்ததாகத் தோன்றுகிறது. தென்னாபிரிக்காவின் கயெலிச்சாவில் 2000இல் தொடங்கிய ஆய்விலே ஒப்பீட்டுக் குழுவினருக்குச் சிகிச்சை பிற்போடப்பட்டதேயன்றி மறுக்கப்படவில்லை. இவ்வாறு வேறு வழியும் இருந்தது.

வைரசுச் சோதனைக்கு அடிகோலியவர் ஹரால்ட் சூர் ஹவுசன். அவரது குழு 1983இல் மனித பப்பிலோமா வைரசின் பதினாறாம் வகையை இப்புற்றிலிருந்து இனங்கண்டது. 2008இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டிற் சீனாவின் ஷான்சி மாகாணத்தில், இரண்டரை மணித்தியாலத்தில் விடை தரும் எளிய வைரசுச் சோதனையொன்றின் முடிவு வெளியிடப்பட்டது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் முதன்மைச் சோதனையாக வைரசுச் சோதனையையே பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்களே தாமாக எடுத்துத் தரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. கூச்சமும் அச்சமும் பலரைத் தடுத்துவந்த நிலையில் இது சிறிய மாற்றமன்று.

எனினும் ஷான்சியிற் சோதிக்கப்பட்ட கருவி தொண்ணூறு மாதிரிகளை ஒருங்கே ஏற்று இயங்குவது. சிறிய கிராமத்து நிலையமொன்றில் ஒரே நாளில் தொண்ணூறு பெண்கள் வருவது அரிது. தொகுதி நிறையும்வரை மாதிரிகள் காத்திருப்பின், சோதனைக்கு எடுக்கும் நேரம் இரண்டரை மணித்தியாலமேயாயினும் விடை நாட்கள் கழித்தே கிடைக்கும். அதற்குள் அப்பெண் வீடு திரும்பியிருப்பாள். மாதிரியைத் தனித்தனியே ஏற்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் விடை தரும் பொறிகளும் வந்துள்ளன. அவற்றுக்குச் சோதனைதோறும் புதியதொரு குப்பி வேண்டும். அக்குப்பியின் விலையை யார் செலுத்துவது என்பது ஒவ்வொரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்திலும் தீர்க்கப்பட வேண்டியதாயுள்ளது.