பொருளைப் பிடிக்கும் கலை

யந்திரத் தொழிலின் வரலாற்றைக் கூறுவோர் நீராவி எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் கணிப்பொறியையும் பற்றி விரிவாகக் கூறுவர். வெட்டப்படும் பொருளை அசையாமலும் கோணாமலும் பிடித்துக்கொள்ளும் கருவியைப் பற்றிக் கூறுவோர் மிகச் சிலரே. பட்டறைகளில் 'பிக்ஸ்சர்' என வழங்கும் இப்பிடிப்புக் கருவி, பார்வைக்கு நான்கு போல்ட்டுகளால் மேசைமேல் இறுக்கப்பட்ட ஓர் இரும்புச் சட்டமே. எனினும், ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்க ஆயிரம் உறுப்புகளை மனிதன் செய்யக் கற்றதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளப் போடிமெட்டுச் சாலையை நினைத்துப் பார்க்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டில் கேரள எல்லையைக் கடந்து மூணாறு செல்லும் அச்சாலை, ஏலத் தோட்ட வேலைக்குச் செல்லும் தமிழர்களுக்கு நன்கு பழகிய வழி. அதில் மைல்கற்களை நடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு கல்லையும் அதற்கு முந்திய கல்லிலிருந்து அளந்து நட்டால், கல்லுக்கு ஓரடி கூடுதலாகப் பிசகினாலும் முப்பதாவது கல்லில் பிழை முப்பது அடியாகிவிடும். எல்லாக் கற்களையும் போடியிலுள்ள ஒரே குறியிலிருந்து அளந்தாலோ, ஒரு கல்லில் நேர்ந்த பிழை அக்கல்லோடு நின்றுவிடும்.

நம் சிற்பிகள் இவ்வுண்மையைப் பழங்காலந்தொட்டே கையாண்டு வந்துள்ளனர். சுவாமிமலை ஸ்தபதிகள் படிமத்தின் உயரத்திற்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அங்க அளவுகளைக் குறிப்பர். இதனை ஒடிஓலை என்பர். முகத்தின் அளவும் கையின் அளவும் அந்த ஓர் ஓலையிலிருந்தே பிறக்கின்றன. உருவத்தின் நடுவே செல்லும் பிரம்ம சூத்திரம் என்னும் நேர்கோடும் அவ்வாறே இருபுறத்து அளவுகளுக்கும் தாயாக நிற்கிறது.

மேனாட்டில் இக்கருத்து துப்பாக்கித் தொழிலில் முதிர்ந்தது. 1785-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகில், ஓனோரே பிளாங்க் என்பவர் செய்த துப்பாக்கி விசை உறுப்புகளைக் கலந்தெடுத்துப் பூட்டிப் பார்த்து வியந்தார், பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன். ஆயினும், பெரும்பாலும் யந்திரங்களைக் கொண்டே இவ்வொருமையை அடைய முயன்றவர் ஜான் ஹால் என்னும் அமெரிக்கர். 1819 முதல் ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊரில் அரசாங்கத்துக்காகத் துப்பாக்கி செய்த அவர், ஓர் உறுப்பை யந்திரத்துக்கு யந்திரம் மாற்றிப் பிடிக்கும்போதெல்லாம் பிழை சேர்ந்துகொண்டே போவதைக் கண்டார். ஆகவே ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே மூலக் குறியைத் தேர்ந்து, எல்லாப் பிடிப்புக் கருவிகளும் அதனையே பற்றுமாறு அமைத்தார். 1834-இல், வேறோர் ஊரில் சிமியன் நார்த் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகளும் ஹாலின் உறுப்புகளும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தின.

காலப்போக்கில் இவ்வனுபவம் ஒரு விதியாயிற்று. எப்பொருளும் மூன்று திசைகளில் நகரக்கூடும். மூன்று அச்சுகளில் திரும்பவும் கூடும். இவ்வாறு அசைவு ஆறு. அடியில் மூன்று முனைகள், பக்கத்தில் இரண்டு, ஒரு தலைப்பில் ஒன்று என ஆறு முனைகளில் பொருளைச் சார்த்தினால் அதன் இடம் உறுதியாகிறது. கிளாம்பு அந்த இடத்தில் பொருளை அழுத்தி வைப்பது மட்டுமே செய்கிறது. இடம் காட்டுவது வேறு, இறுக்குவது வேறு.

தமிழகத்தில் இத்தொழில் கோயம்புத்தூரில் வேரூன்றியது. 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தோன்றியது; 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது; 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தனர். பம்பு உற்பத்தி பெருகப் பெருக, லேத் பட்டறைகளும் பெருகின. 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் பக்கச் சுவரும் கூரையும் பெரிய ஜிக்குகளில் பிடிக்கப்பட்டே பற்றவைக்கப்பட்டன. யந்திரங்களைச் செய்யும் யந்திரங்களுக்காக 1953-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவப்பட்டது.

இதற்கிடையே, 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களின் கட்டளைப்படி இயங்கும் மில்லிங் யந்திரம் காட்டப்பெற்றது. அதன் வழிவந்ததே இன்று மரக்கதவுகளில் பூவேலை செதுக்கும் சிறிய சி.என்.சி. ரூட்டர். கட்டளை கணிப்பொறியில் இருக்க, பிடிப்புக் கருவி இனி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் அச்சிறிய யந்திரம் அறிவது தன் நடையை மட்டுமே. மரம் எங்கே கிடக்கிறது, நேராகக் கிடக்கிறதா என்பதை அது அறியாது. அதனை அறிவிப்பது மனிதன் கை.

அக்கை செய்யும் வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில், கத்தி சுழலும் தண்டு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று டயல் கருவியை வட்டமாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். பிறகு மேசைமேல் ஒரு பலகையை இறுக்கி, அந்த யந்திரத்தின் கத்தியாலேயே அதன் முகத்தைச் சீவவேண்டும். அப்போது பலகை யந்திரத்தின் நடைக்கு இணையாகிறது. அதன்மேல் பிடிப்புக் கருவியை வைத்து, போல்ட்டுகளை அரைகுறையாக இறுக்கி, அதன் விளிம்பு நெடுகிலும் டயலை ஓட்டவேண்டும். முள் அசைந்தால் மெல்லத் தட்டிச் சரிசெய்து, முழுதும் இறுக்கியபின் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். இறுக்கும்போதே கருவி நகர்ந்துவிடுவது உண்டு. 300 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணினால், 1,800 மில்லிமீட்டர் கதவில் ஆறு மில்லிமீட்டர் விலகிப்போகும். நல்ல தேக்கு வீணாகும். கருவியைக் கழற்றி மறுநாள் அதே இடத்தில் பொருத்த வேண்டுமாயின், இரு டவல் பின்களுக்கான துளைகளை அந்த யந்திரத்தைக் கொண்டே இடவேண்டும். அத்துளைகளே அதன் மூலக் குறி. சாய்மானத்தின்மேல் மரச்சீவல் ஒன்று கிடந்தாலும் இவ்வளவு உழைப்பும் பயனற்றதாகும் என்பதால், ஒவ்வொரு முறையும் துடைத்தே மரத்தை வைக்கவேண்டும்.

வெளிமாநிலப் பட்டறைகளில் பணிபுரியும் தமிழர் பலருக்கு இவ்வேலை கைவந்தது. செய்து முடித்த கதவில் யந்திரத்தின் வேகமும் பூவின் அழகும் தெரியும். டயல் முள்ளைப் பார்த்துக் குனிந்து நின்றவரின் அரைமணி நேரம் தெரிவதில்லை. யந்திரம் ஓடத் தொடங்குமுன் கழிந்த அந்த அரைமணி நேரத்துக்கும் கூலி உண்டு, மதிப்பும் உண்டு என்பதே ஒடிஓலை முதல் டவல் பின் வரை உள்ள இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.