மலைமேல் குருமடமும் சமவெளிச் சபையும்

ஒரு நாட்டில் திருச்சபை வேரூன்றிவிட்டதா என்பதை அறிய, அங்குள்ள ஆலயங்களை எண்ணுவது போதாது. அதன் ஊழியர் எங்கே, எம்மொழியில், எவரால் உருவாக்கப்படுகின்றனர் என்பதையும் ஆராய வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தை ஒட்டி நிகழ்ந்த கத்தோலிக்க குருத்துவக் கல்வியின் வரலாறு இவ்வகையில் நம் சிந்தனைக்குரியது.

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து பணி தொடங்கினார். அவர்வழி வளர்ந்த மதுரை மிஷனில் குருக்கள் மிகச் சிலரே. கிராமச் சபைகளைத் தாங்கியவர்கள் வேதியர் என்னும் உபதேசிமார். இவர்களுக்காகவே வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின், பல ஊர்களில் விசுவாசத்தைக் காத்ததும் இவ்வுபதேசிமாரே. ஆயினும் குருப்பட்டம் இவர்களுக்கு எட்டாததாயிருந்தது. 1575-இல் பேதுரு லூயிஸ் என்னும் இந்தியர் இயேசு சபையில் குருவானார். அவருக்குப்பின் நெடுங்காலம் அச்சபை இந்தியரைச் சேர்க்கத் தயங்கிற்று.

சீர்திருத்தச் சபையார் இதில் சற்று முந்திக்கொண்டனர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1733-இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் அளித்தது. அமெரிக்க மதுரை மிஷன் 1842-இல் திருமங்கலத்தில் ஊழியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, 1845-இல் அதனைப் பசுமலைக்கு மாற்றியது.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1844-இல் கூடிய புதுச்சேரி ஆலோசனைச் சங்கம் சுதேச குருக்களின் தேவையை வற்புறுத்திற்று. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893-இல் ஒரு திருமுகம் வெளியிட்டு, இந்தியரின் மீட்புப் பணிக்கு இந்தியப் புதல்வரே உரியவர் என்னும் கருத்தைத் தெளிவாக்கினார். அவ்வாண்டே இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் மறைமாவட்டங்களுக்காகக் கண்டியில் பாப்பிறைக் குருமடம் திறக்கப்பட்டது. இயேசு சபையார் அதனை நடத்தினர். இரண்டாண்டு கழித்து, 1895-இல், தம் சபைக்கு வரும் இளைஞரைப் பயிற்றுவிக்கக் கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர்.

மோட்டார்ச் சாலை இல்லாத அக்காலத்தில், செண்பகனூர் செல்வோர் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, பின் மலைப்பாதையில் ஏற வேண்டும். மேலே குளிர்ந்த காற்றும் அமைதியும் கற்பதற்கு உகந்தவை. அங்கு உருவான இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், மதுரை மிஷனின் கடிதங்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகமும் அறிஞருக்குப் பெருந்துணையாயின. பழனி மலையின் கல்திட்டைகளை ஆங்கிலேட் அடிகளும், பாசிகளைப் போரோ அடிகளும் ஆராய்ந்தனர். ஆனால் குருத்துவக் கல்வியின் மொழி இலத்தீன். மெய்யியலைச் செண்பகனூரில் முடித்த பலர், இறையியல் கற்க டார்ஜீலிங் பகுதியிலுள்ள கர்சியாங் வரை சென்றனர். தோல் பதனிடுவோரும் பூட்டுத் தொழிலாளரும் மானாவாரி உழவரும் வாழும் திண்டுக்கல் சமவெளிக்கு அவர்கள் திரும்பியபோது, கற்றதைத் தமிழில் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

தலைமைப் பொறுப்பும் தாமதமாகவே கைமாறியது. ஆங்கிலிக்கன் சபையில் வேதநாயகம் அசரியா 1912-இல் பேராயரானார். இலத்தீன் வழிபாட்டு முறையில், தற்காலத்தின் முதல் இந்திய ஆயரான திபூர்சியஸ் ரோச் 1923-இல் தூத்துக்குடிக்கு நியமனம் பெற்றார். கண்டிக் குருமடம் 1955-இல் பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962-65) பின் இலத்தீனின் ஆட்சி தளர்ந்தது. செண்பகனூரின் மெய்யியல் கல்வி சென்னைச் சத்திய நிலையத்திற்கு மாறிற்று. நவதுறவியர்க்கான இல்லமொன்று திண்டுக்கல்லிலேயே வீரமாமுனிவரின் இயற்பெயரான பெஸ்கியின் பெயரால் அமைந்தது. 2003-இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டமானபோது, அதன் முதல் ஆயர் அந்தோணி பாப்புசாமி என்னும் தமிழரே.

இவ்வரலாற்றில் நாம் பெருமை பாராட்ட இடமில்லை. ஆரோனுக்குப் பட்டம் அளித்தபின்னும் மிஷனெரிகளின் மேலாதிக்கம் நம் சபைகளில் நெடுநாள் நீடித்தது. தமிழ்வழி இறையியலுக்கென மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி அமைந்ததும் 1969-இல்தான். மலைமேல் கற்பது தவறன்று. மோசேயும் மலைமேலிருந்தே கற்பலகைகளைப் பெற்றான். ஆனால் அவன் மக்களிடம் இறங்கி வந்தான். நம் மாணவர் எழுதும் இறையியலை, வரி வசூலிக்கவும் பிரசங்கிக்கவும் மட்டுமன்றி, தம்மோடு வாழவும் வந்த ஒருவரின் சொல்லாக நம் கிராமச் சபையார் ஏற்பார்களா? இன்றைய வேதியரான நம் உபதேசிமார்க்கு நம் கல்வித் திட்டத்தில் இடமுண்டா? குருமடங்களின் வரலாறு நம்முன் வைக்கும் கேள்விகள் இவை.