சேர்வராயன் மலைப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

சேலத்தினின்று வடக்கே நோக்குவார்க்கு நீலமேகம் படிந்தாற்போலத் தோன்றும் சேர்வராயன் மலையை நம் சங்க அன்பர்கள் நன்கறிவார்கள். காப்பித் தோட்டங்களையும் ஏரியையும் கண்டு, கோடையிற் குளிர்காற்று வாங்கி மீள்வார் பலர். அம்மலைமேல் ஏற்காட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பள்ளி வாழ்க்கையை உற்று நோக்கினவர் சிலரே. பிள்ளைகளை எவ்வாறு பயிற்றுவித்தல் தகுமென்று நம் கூட்டங்களிற் பேச்சு நிகழுந்தோறும் மதிப்பெண் ஒன்றே பேசப்படுவதால், அப்பள்ளியின் வரலாற்றை ஒருவாறு ஈண்டு எடுத்துரைக்கத் துணிந்தோம்.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிப் பயிரை நுழைத்தார். பின்னர்த் தோட்டத் துரைமார் பலர் குடியேற, பங்களாக்களும் மாதாகோயில்களும் எழுந்தன. அவர்தம் மக்களுக்குக் கல்வி வேண்டியிருந்தது. பிரான்சு தேசத்திலோ, துறவற சபையார் பள்ளி நடத்தலாகாதென்று 1904-ல் சட்டம் பிறந்தது. அங்குத் தம் பணிக்கு இடமின்றிப்போன சபையார் பலர் பிற தேசங்களை நாடினர். புனித கபிரியேல் சபைச் சகோதரர்களும் கீழ்த்திசை நாடுகளிற் பரவினர். அச்சபையார் 1917-ல் ஏற்காட்டில் நிறுவியதே மான்ட்போர்ட் பள்ளி. ஒரு தேசம் வேண்டாவென்று தள்ளிய ஆசிரியர்களை வேறொரு தேசத்தின் மலையுச்சி ஏற்றுக்கொண்டது வியப்பன்றோ!

ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய இத்தகைய மலைப்பள்ளிகள் இங்கிலாந்தின் 'பப்ளிக் ஸ்கூல்' முறையைத் தழுவியவை. பெயரைக் கண்டு மயங்கற்க. பொதுமக்களுக்கு அப்பள்ளிகளில் இடமில்லை. ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர் ஆர்னால்டு (1828–1842) இளையோரை ஆளும் பொறுப்பை மூத்த மாணாக்கரிடம் ஒப்படைத்தார். அவர்க்குப் பின் வந்தோர் விளையாட்டையும் அதனோடு சேர்த்தனர். அம்முறையில் அடியும் கொடுமையும் மலிந்திருந்தன என்பதும் உண்மை. அவற்றை யாம் புகழ்வதற்கில்லை. எனினும் காலையிற் பாடம், மாலையில் ஆடுகளம், விழாநாளில் நாடகமேடை என்னும் ஒழுங்கு, கூச்சமின்றி நாலுபேர் முன் நிற்கும் ஆற்றலைச் சிறுவர்க்கு அளித்தது.

நாடகத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மலைமேல் இப்பள்ளி தோன்றிய மறு ஆண்டாகிய 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார்கள். டி. கே. சண்முகம் ஆறு வயதளவில் அதிற் சேர்ந்தார். பள்ளி பிறந்த அதே 1917-ல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பளவிற் படித்து, வறுமையால் நாடகக் கம்பெனியிற் புகுந்தார். மலைமேற் சிறுவனுக்கு மேடை கல்வியின் ஓர் உறுப்பு. சமவெளிச் சிறுவனுக்கோ கல்வியை இழந்து அடைந்த பிழைப்பு. 'கூத்தாடி' என்று நம் முன்னோர் வைததற்கும் ஓரளவு காரணம் இதுவே. அவர்கள் அஞ்சியது கலையை அன்று, பிள்ளையின் படிப்பு அழிவதையே என்று யாம் கருதுகின்றோம்.

மலையடிவாரத்தில், ஏற்காடு சாலையிலேயே, டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. இராமச்சந்திரன் நடித்த மந்திரி குமாரி (1950) அங்குத் தயாரானது. மேலே ஆங்கில நாடகம், கீழே தமிழ்ப் படம். இரண்டிற்கும் இடையே கொண்டை ஊசி வளைவுகள். பிற்காலத்தில் அந்த இடைவெளியும் குறைந்தது. 1983-ல் மான்ட்போர்ட் பள்ளிப் படிப்பை முடித்த நடிகர் விக்ரம், முதலில் மேடைக்குப் பின்னின்று வேலை செய்தவர். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகமொன்றில் தலைமை நடிகனுக்கு அம்மை கண்டபோது, அவ்வேடம் இவருக்கு வாய்த்தது. அவர் அங்கு நீச்சலும் குதிரையேற்றமும் பயின்றவர்.

நிற்க, விளையாட்டின் பயனுக்கு வேறொரு சான்று காட்டுவோம். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹாக்கியில் தங்கப்பதக்கம் வென்றது. ஆட்டக்காரருட் பலர் இத்தகைய பள்ளிகளிற் பயின்ற ஆங்கிலோ-இந்தியர். ஆயின் அணித்தலைவர் ஜெய்பால் சிங், ராஞ்சிப் பக்கத்து முண்டாப் பழங்குடியிற் பிறந்து, மிஷன் பள்ளியிற் பயின்று ஆக்ஸ்போர்டு வரை சென்றவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையிற் பழங்குடிகளுக்காக வழக்காடியவரும் அவரே.

சேர்வராயன் மலைக்கு உரியோரான மலையாளிப் பழங்குடியினரின் குழந்தைகளுக்கு அத்தகைய வாயில் அக்காலத்தே திறந்திருந்ததா? இல்லை. பொங்கலில் எருதாட்டம் ஆடும் அச்சிறுவர்க்கு ஓட்டமும் தாவலும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் தம் மலைமேல் நின்ற பள்ளிக்கு அவர்கள் அயலாராயினர். பின்னர், 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 337-ஆம் பிரிவு, ஆங்கிலோ-இந்தியர் பள்ளிகளுக்குப் பத்தாண்டுக் காலம் மானியம் வகுத்தபோது, ஆண்டுதோறும் நூற்றுக்கு 40 இடமேனும் பிற சமூகத்தார்க்குத் திறந்திருத்தல் வேண்டுமென்று விதித்தது. சாதி காரணமாகப் பள்ளித் திண்ணையிற் காத்துநின்ற பாட்டன்மாரையுடைய நாம் அவ்விதியின் அருமையை நன்குணரலாம்.

'நம்மவர் பணத்தில் எழும் விடுதியில் அயலார் பிள்ளைக்கு இடமேன்?' என்று வினவும் கனவான்கள் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக. நூற்றுக்கு 40 வேண்டா. பத்து இடம் ஒதுக்கினும் நம் பெயர் விளங்கும்.

இனி, நம் பிள்ளைகளின் நிலை யாது? யாம் ஆசிரியத் தொழிலில் அன்றாடம் காண்பது, தேகப்பயிற்சி வேளையைக் கணக்குப் பாடம் விழுங்குவதே. தமிழாசிரியர்களாகிய எம்மிடமும் ஒரு குறையுண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல் என்று உருப்போட வைக்கின்றோம். அந்த மாணாக்கனை ஒரு பலகைமேல் ஏற்றிப் பேசவைப்பதில்லை. முத்தமிழுள் நாடகம் வினாத்தாளோடு நின்றுவிடுகின்றது. பெண்மக்களைக் குறித்துச் சொல்லவே வேண்டா. பருவமெய்தியதும் ஓடுவதே தகாதென்பார் இன்றும் உளர்.

பொருளில்லை என்பது மெய்யான தடையன்று. விருதுநகரில் வீட்டுக்கு ஒரு பிடியரிசி திரட்டி க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினர். காமராசர் பயின்றது அங்கேதான். நமக்கு நீச்சற்குளமும் குதிரையும் வேண்டா. வரும் மகாசபைக் கூட்டத்தில், மதிப்பெண் பரிசுத் தொகையில் ஒரு பகுதியை நாடகத்திற்கும் விளையாட்டிற்கும் பிரித்தளிக்கும் தீர்மானத்தைச் சங்க அன்பர்கள் கொணர்தல் வேண்டும். சடுகுடு ஆடுகளத்திற்கு வேண்டுவது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள நிலம். விடுதியின் பின்புறத்து முள்ளை வெட்டி, மண்ணை நிரவி, நான்கு பக்கமும் சுண்ணாம்புக் கோடிட்டால் மறுநாள் மாலையே ஆடலாம்.